சந்தனம் கலையாத பூட்டு

"போட்டவனுக்குத் தெரியாத பூட்டு எங்கய்யா இருக்கு?"

கோவில் தலைவர் நாராயணசாமி கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அதற்கே பெல்மோர் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் நின்றிருந்த அத்தனை பேரும் சிவநேசனைத் திரும்பிப் பார்த்தார்கள். நேற்று வரை "வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா" என்று கேட்ட அதே முகங்கள்தான். இன்று ஒருவர்கூட உட்காரச் சொல்லவில்லை.

காணாமல் போனது அம்மனின் தங்கப் பொட்டுத்தாலி. தோட்டத்தை விற்று, தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்த வருஷம், ஊரை விட்டுப் போன பெண்கள் ஆளுக்கொரு மூக்குத்தி, ஒற்றைத் தோடு என்று கழற்றிக் கொடுத்து, உருக்கிச் செய்த தாலி. நேற்று ஆயுத பூஜை. பூஜை முடிந்ததும் தாலியைக் கழற்றிப் பொருள் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். இன்று விஜயதசமி. காலையில் திறந்து பார்த்தால் வெல்வெட் பெட்டி இருக்கிறது, தாலி இல்லை. கதவு உடையவில்லை. பூட்டில் ஒரு கீறல்கூடக் கிடையாது. அந்த எண் பூட்டைப் போன மாதம் பொருத்தியவன் சிவநேசன்.

கோலசிலாங்கூர் டவுனில் அவனுக்கு ஒரு கடை உண்டு. பலகையில் மேல் வரி 'தனியார் துப்பறிதல்'. கீழ் வரி 'எண் பூட்டு, கேமரா பொருத்தித் தரப்படும்'. மேல் வரி எப்போதாவது சோறு போடும், கீழ் வரி தினமும் போடும். இன்று இரண்டு வரிக்கும் சேர்த்து ஆபத்து வந்திருந்தது.

அந்தப் பூட்டின் கதையே தனி. பொருள் அறைச் சாவி யாரிடம் இருப்பது என்று கோவில் கமிட்டியில் வருஷக்கணக்காகச் சண்டை. செயலாளர் சேதுதான் எண் பூட்டு யோசனையைச் சொன்னான். சரி, எண் யாரிடம் இருப்பது? அதற்கும் சண்டை. கடைசியில் எண்ணையே மூன்றாகப் பங்கு போட்டார்கள். முன்பகுதி தலைவர் நாராயணசாமிக்கு, நடுவில் உள்ளது பொருளாளர் திலகாவுக்கு, மிச்சம் சேதுவுக்கு. ஒருவர் அமுக்கும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். பூட்டை மாற்றி அமைக்கிற தலைமை எண்ணையும் அப்படியே பங்கு போட்டு வைத்தார்கள். அன்று சிவநேசனும் அவர்களோடு சுவரைப் பார்த்துத்தான் நின்றான்.

அதோடு விட்டார்களா? பேட்டரி செத்தால் திறப்பதற்குக் கைப்பிடிக்கு அடியில் ஒரு சாவித் துவாரம் இருந்தது. பூட்டு வந்த பெட்டியில் அதற்கான இரண்டு அவசரச் சாவிகள் இருந்தன. அதைப் பார்த்ததும் மறுபடி ஆரம்பம். அந்தச் சாவி இனி மனிதர் கையிலேயே இருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டு, மஞ்சள் துணியில் எலுமிச்சம்பழத்தோடு முடிந்து, பாசீர் பெனாம்பாங் படகுத்துறையில் சூடம் ஏற்றி ஆற்றில் விட்டார்கள். பேட்டரி செத்தால் என்ன செய்வது? பூட்டின் அடியில் இரண்டு பித்தளைப் புள்ளி இருக்கிறது, அதில் ஒரு சின்னச் சதுர பேட்டரியை ஒட்டிப் பிடித்தால் உயிர் வந்துவிடும் என்று சிவநேசன் சொல்லிக் கொடுத்தான். அப்படியாகச் சாவியும் இல்லாத, எண்ணும் முழுசாக யாருக்கும் தெரியாத ஒரு பூட்டு உலகத்திலேயே பெல்மோரில்தான் இருந்தது. திருடனுக்கு மட்டும் அது தெரியாமல் போய்விட்டது.

"அதுவும் நல்ல பூட்டா போட்டிருந்தாலும் பரவால்லலா," என்றார் நாராயணசாமி. "இன்னிக்கிக் காலைல அமுக்குனா ஒரு நம்பரு எடுக்கல. சந்தனம் காஞ்சி அப்பிக் கெடக்குது. ஈரத்துணி போட்டுத் தொடச்சித் தொடச்சித்தான் தொறந்தோம்."

"ஐயா, பூட்டுக்குச் சந்தனக்காப்பு சாத்துனது நாங்களா?" என்றாள் விஷாலினி. சிவநேசனின் உதவியாளர். முன்பு ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் இருந்தவள். மேலதிகாரியிடம் வாயைக் கொடுத்து வேலையை விட்டவள். வேலைதான் போயிற்று, வாய் போகவில்லை.

"இந்தப் பொண்ண பேசாம இருக்கச் சொல்லு சிவா!"

"தலைவரே, நிறுத்துங்க!" என்று ஒரு குரல் நடுவில் விழுந்தது. சேது. செகிஞ்சான் அரிசி ஆலையில் லோரி ஓட்டுகிறவன், பரந்த தோளும் உரத்த குரலும் உள்ளவன். "சிவா மேல பழி போட்டா இந்தச் செயலாளர் பதவியே எனக்கு வேணாம். நாங்க ரெண்டு பேரும் ஒரே லயத்துல பக்கத்துப் பக்கத்து வீட்டுல வளந்தவங்க. அவனா திருடுவான்? சாயங்காலம் போலீஸ் வரட்டும். அவன் கடையப் பாக்கட்டும், வண்டியப் பாக்கட்டும். சுத்தமானவன்னு ஊரே பாக்கட்டும்!"

சிவநேசன் நன்றியோடு சேதுவைப் பார்த்தான். அப்பா இறந்த அன்று பாடையின் முன் கொம்பைப் பிடித்தவன் சேது. இன்சூரன்ஸ் கம்பெனி வேலை போய்க் கடை போட்டபோது முதல் ஆளாக வந்து சுவருக்குச் சாயம் பூசியவன். இந்தக் கோவில் வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். ஊர் முழுக்கத் திரும்பினாலும் சேது ஒருவன் இருக்கிறான், அது போதும் என்று அந்த நிமிஷம் நினைத்தான்.

"சாயங்காலம் வரைக்கும் பாப்பேன்," என்றார் நாராயணசாமி. "அதுக்குள்ள தாலி வரலன்னா, ரிப்போர்ட்டுல மொத பேரு ஒன்னோடதுதான்."

அந்த ரிப்போர்ட் எழுதப்பட்டால் துப்பறியும் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் போவதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. திருடன் பொருத்துகிற பூட்டை எவன் தன் வீட்டுக் கதவில் மாட்டுவான்?

வண்டி வரை சேது கூடவே வந்தான். "டிரில் மெஷின வண்டில வெச்சிட்டேன்டா. முந்தாநாளு வாங்கிட்டுப் போனேன்ல, ஃபேன் மாட்ட."

"டிரில் எரவல் வாங்கிட்டு, கேக்காமலே திருப்பிக் குடுத்த மொத ஆளு நீங்கதாண்ணே," என்றாள் விஷாலினி. "ஒங்களுக்கு ஒரு மாலை போடணும்."

"பூஜ போட்டுக் குடுத்திருக்கேன் தங்கச்சி! ஆயுத பூஜைக்கி ஆயுதம் என் வீட்டுல இருந்துச்சே, சும்மா விட முடியுமா?" சேது சிரித்தான். சிவநேசனின் தோளை ஒரு தட்டுத் தட்டினான். "பயப்படாத. நான் இருக்கேன்ல."

எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவில் மண்சாலையில் வண்டி குலுங்கிப் போனது. கோவிலில் கேட்டதையெல்லாம் சிவநேசன் மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தான். மெயின் ரோடு தெரியும் இடத்தில் திடீரென்று பிரேக் போட்டான்.

"விஷா, தலைவரு என்ன சொன்னாரு?"

"ஒங்கள திருடன்னாரு. என்னைய ஒங்க கூட்டாளின்னு சொல்லவே இல்ல பாஸ். அவ்வளவு சீப்பா போயிட்டேனான்னு எனக்கு வருத்தம்தான்."

"அதில்ல. சந்தனம்."

விஷாலினியின் முகத்தில் இருந்த கேலி மெதுவாக இறங்கியது. "நம்பரு மேல இருந்த சந்தனம் காஞ்சி கெடந்துச்சின்னா..."

"அத அமுக்கித் தொறந்தவன் யாரு?"

வண்டி வந்த வழியே திரும்பியது.

பூசாரி சன்னாசி கோவில் பின்புறக் குழாயடியில் தாம்பாளம் கழுவிக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர், பக்தி மட்டும் தாராளம். நேற்று அவர் சந்தனம் வைக்காத பொருள் கோவிலில் இல்லை. ஒலிபெருக்கி, தண்ணீர் மோட்டார், புல் வெட்டும் மெஷின், சுவர்க் கடிகாரம் எல்லாவற்றுக்கும் பொட்டு.

"பூட்டுக்கு எப்படிண்ணே வெச்சீங்க?"

"அது காவக்காரன்லா தம்பி. அதுக்குக் கொஞ்சம் வெச்சா போதுமா? கதவ சாத்துன பெறவு நம்பரு பூராவும் பூசிட்டேன். மேல குங்குமம். நடுவுல ஒரு செவ்வரளிப் பூ ஒட்ட வெச்சேன்."

"காலைல அந்தப் பூ?"

"அப்படியேதான் இருந்துச்சி. தொடைக்கறப்ப பிச்சித்தான் எடுத்தாங்க." கொடியில் காய்ந்த துணியைக் காட்டினார். அரளிப்பூ ஒன்று நசுங்கி, அடியில் கட்டியான சந்தனத்தோடு ஒட்டியிருந்தது.

"திருடன் தொறந்துட்டு, மறுபடி பூசி பூவையும் ஒட்டியிருந்தா?" என்றாள் விஷாலினி.

"எதை வெச்சி பூசுவான்? சந்தனக்கட்ட, கல்லு, கிண்ணம் எல்லாத்தையும் நான் வீட்டுக்குக் கொண்டுட்டுப் போயிட்டேன். இது கடையில விக்கிற பவுடரு இல்லம்மா. கட்டையில அரைச்சது. மோந்து பாரு." முகர்ந்து பார்த்தார்கள். அவர் சொன்னது சரிதான்.

மறுபடி வண்டியில் ஏறியதும் விஷாலினி சொன்னாள்: "ஆக, நேத்து சாத்துனதுலருந்து காலைல வரைக்கும் நம்பரு மேல ஒருத்தரும் கை வைக்கல. தலைவரு, திலகாக்கா, சேதுண்ணே, நீங்க, நானு எல்லாரும் தப்பிச்சோம். அம்மனே தாலிய கழட்டி வெச்சிட்டு டிவோர்ஸ் கேட்டாத்தான் உண்டு."

"இன்னொரு வழி இருக்கு. சாவித் துவாரம் கைப்பிடிக்கு அடியில. சந்தனத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"சாவிதான் ஆத்துல போச்சே பாஸ்! நீங்களும்தான் நின்னு கும்புட்டீங்க."

"கும்புட்டேன். முடிச்சுக்குள்ள சாவி இருந்துச்சான்னு பாக்கலியே."

திலகாவின் வீடு டவுனுக்கு வெளியே புதுக் குடியிருப்பில். அவர் பொருளாளர் மட்டும் இல்லை, பெல்மோர்க்காரர்களின் செய்தி நிறுவனமும் அவர்தான். கோவிலில் ஒரு விளக்கு ஏற்றினாலும் அடுத்த நிமிஷம் அவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அது எரியும். இன்று அழுது அழுது கண் வீங்கி இருந்தார்.

"எங்கம்மா மூக்குத்தி அந்தத் தாலில இருக்கு சிவா. ரப்பர் பால்மரம் வெட்டி சம்பாரிச்சி வாங்குனது. நீ எடுத்தேன்னு நான் சொல்லல. ஆனா நீ இல்லன்னும் எனக்குச் சொல்லத் தெரியல."

அந்தக் கடைசி வரி நாராயணசாமியின் வசவை விட அதிகம் வலித்தது. அவன் சாவியை ஆற்றில் விட்ட அன்று எடுத்த வீடியோவைக் காட்டச் சொன்னான்.

முதல் துண்டு கோவிலில் எடுத்தது. சிவநேசன் பூட்டுப் பெட்டியை எல்லார் முன்னாலும் உடைக்கிறான். பிளாஸ்டிக் உறையில் இரண்டு சாவி. நாராயணசாமி இரண்டையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கதவைத் திறந்து பார்க்கிறார். "ஒரிஜினல்தான்லா!" என்று கையை உயர்த்திக் காட்டுகிறார். பிறகு சாவியைச் சேதுவிடம் கொடுக்கிறார். சேது அதை அம்மன் காலடியில் வைக்கக் கருவறைப் பக்கம் போகிறான். திரும்பி வரும்போது கையில் மஞ்சள் முடிச்சு.

அடுத்த துண்டு படகுத்துறை. சூடம், தேங்காய், கூட்டம். சேது முடிச்சை ஆற்றில் விடுகிறான். ஒரு முங்கு முங்கி மேலே வந்து, கடல் பக்கம் மெல்ல மிதந்து போகிறது முடிச்சு. திலகாவின் குரல் பின்னால் தழுதழுக்கிறது: "பாருங்க, பாருங்க, மூழ்கல! அம்மா ஏத்துக்கிட்டா!" பெண்கள் குலவை போடுகிறார்கள். கூட்டத்தில் சிவநேசனும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டபடி நிற்கிறான். துப்பறிகிறவனுக்கு அழகு!

விஷாலினி மெதுவாகச் சொன்னாள். "பாஸ், எங்க அத்த வீட்டுச் சாவி கெணத்துல விழுந்தப்ப மிதக்கல."

"சின்னச் சாவி விஷா. எலுமிச்சம்பழம் தாங்கும்."

"இரும்பு பாஸ்."

"தாங்கும்னு சொல்றேன்ல!"

குரல் உயர்ந்துவிட்டது. திலகா திடுக்கிட்டுப் பார்த்தார். சிவநேசன் அந்த வீட்டில் அதற்கு மேல் நிற்கவில்லை. முடிச்சுப் போட்டது யார் கை என்று அவனுக்குக் கேள்வியே இல்லை. திருடியதும் அந்தக் கையாக இருக்கக் கூடாது என்பதுதான் அவன் கவலை.

பாசீர் பெனாம்பாங்கில் மத்தியான வெயில் கொளுத்தியது. ஒரு மீன் சாப்பாட்டுக் கடைக்காரச் சீனப் பெண்மணி, கேள்வி எதுவும் கேட்காமல் நண்டு கழுவும் வாளியில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். வண்டியில் வேறொரு வாடிக்கையாளருக்கு வைத்திருந்த அதே ரகப் பூட்டு இருந்தது. அதன் இரண்டு சாவியை எடுத்தான். வரும் வழியில் வாங்கிய எலுமிச்சம்பழங்களில் ஒன்றோடு மஞ்சள் துணியில் முடிந்தான். வாளியில் விட்டான்.

முடிச்சு நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

"துணி சரியா நனையல," என்றான். மறுபடி விட்டான், மறுபடி முங்கியது. இருந்ததிலேயே பெரிய பழமாகப் பொறுக்கி எடுத்து முடிந்தான். அதுவும் முங்கியது. கடைசியில் சாவி இரண்டையும் எடுத்துவிட்டு வெறும் பழத்தை முடிந்து விட்டான். அது ஒரு முங்கு முங்கி மேலே வந்தது. வீடியோவில் பார்த்த அதே மாதிரி, கொஞ்சம் சாய்ந்தபடி, ஜம்மென்று மிதந்தது.

அவன் வாளியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். ஆற்றில் படகு ஒன்று புகை விட்டுப் போனது.

"ஏதாவது ஜோக் சொல்லேன் விஷா."

"வர மாட்டேங்குது பாஸ்."

போன் அடித்தது. சேது.

"எங்கடா இருக்க? போலீஸ் சீக்கிரமே வந்துட்டாங்க. ஒன்னும் கவலப்படாத, நான் பேசி வெச்சிருக்கேன். வண்டியோட வந்துரு. கடைக்கி அப்பறம் போலாம், மொதல்ல வண்டியப் பாத்துட்டா முடிஞ்சிச்சி. வண்டியோட வா, சரியா?"

சிவநேசன் போனை வைத்தான். எழுந்தான். வண்டியின் பின்கதவைத் திறந்தான். ஏணிக்கும் ஒயர்ச் சுருளுக்கும் நடுவில் டிரில் மெஷினின் சிவப்புப் பெட்டி. பேனா முனையால் கொக்கியைத் தூக்கி மூடியைத் திறந்தான். டிரில் மெஷினின் மேல் அழகாகச் சந்தனம், குங்குமம். அதற்கு அடியில், ஆணிகள் வைக்கிற தட்டுக்குக் கீழே, மஞ்சள் கயிறு ஒன்று எட்டிப் பார்த்தது. கயிற்றின் முனையில் அம்மனின் தாலி.

காலையிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டுதான் அவன் திருடனைத் தேடி அலைந்திருக்கிறான். 'அவன் வண்டியப் பாக்கட்டும், ஊரே பாக்கட்டும்.' எவ்வளவு பாசமாகச் சொன்னான் சேது! அதைக் கேட்டு நெகிழ்ந்துபோனதை நினைக்க சிவநேசனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து குந்திவிட்டான்.

"ஆத்துல போட்டுருவோம் பாஸ்," என்றாள் விஷாலினி. "வண்டில ஒன்னுமே இல்லன்னு ஆயிரும். நாம தப்பிச்சிருவோம்."

"திலகாக்காவோட அம்மா மூக்குத்தி இருக்கு விஷா."

பேனா முனையாலேயே மூடியைச் சாத்தினான்.

கோவில் வாசலில் கூட்டம் கூடியிருந்தது. போலீஸ்காரர் தோட்டத்தில் வளர்ந்த மலாய்க்காரர், தமிழ் நன்றாகப் புரியும். சேது முன்னால் ஓடி வந்தான். "வந்துட்டான் பாருங்க! ஓடி ஒளிய அவன் என்ன திருடனா?"

சிவநேசன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச வராது என்று அவனுக்குத் தெரியும். "தலைவரே, ஒரு வாளி தண்ணி வேணும்," என்றான்.

வாளி வந்தது. சாவியும் பழமும் சேர்ந்த முடிச்சு எல்லார் கண்ணெதிரிலும் முங்கியது. பழம் மட்டும் இருந்த முடிச்சு மிதந்தது. திலகாவின் போனை ஒலியோடு வைத்தாள் விஷாலினி. 'மூழ்கல! அம்மா ஏத்துக்கிட்டா!' சந்தனம் கலையாததையும், ஒட்டிய பூ ஒட்டியபடி இருந்ததையும் பூசாரி சன்னாசி தன் வாயாலேயே சொன்னார்.

நாராயணசாமிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிவநேசனை விட்டுவிட்டு மெதுவாகப் பக்கத்தில் திரும்பினார். "நான் போட்டுப் பாத்த சாவிலா அது. ஒன் கையிலதான சேது குடுத்தேன்?"

"அம்மன் காலடிலதான் வெச்சேன் தலைவரே... யாராச்சும் மாத்தி..." என்று ஆரம்பித்த சேதுவின் வலது கை, அவனை அறியாமல், இடுப்பில் தொங்கிய லோரிச் சாவிக் கொத்தைப் பொத்தியது.

"அதுலதான் இருக்கும்," என்றான் சிவநேசன். "அவன் எதையும் தூக்கிப் போட மாட்டான். ஒடஞ்ச சைக்கிள் பெல்லக்கூட இன்னும் வெச்சிருக்கான்."

போலீஸ்காரர் கையை நீட்டினார். கொத்தில் இருந்த சின்னச் சாவியை நாராயணசாமி கைப்பிடிக்கு அடியில் நுழைத்துத் திருப்பினார். எந்த எண்ணும் கேட்காமல், ஒரு சத்தமும் போடாமல், கதவு திறந்துகொண்டது.

"தாலி எங்கடா?" என்று திலகா பாய்ந்தார்.

"என் வண்டில இருக்குக்கா," என்றான் சிவநேசன். கூட்டம் 'ஆ' என்றது. "செவப்புப் பெட்டிக்குள்ள. நான் தொடல. முந்தாநாளு எரவல் வாங்கிட்டுப் போனவன், காலைல அவனே கொண்டு வந்து வெச்சான்."

"நான் பாத்தேன்," என்றார் பூசாரி. "சிவா தம்பி உள்ள பேசிட்டிருக்கறப்ப சேதுதான் ஏத்துனாரு. நான்கூட நெனச்சேன், பொறுப்பான புள்ளன்னு."

தாலி வெளியே வந்தபோது திலகா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். பிறகு சிவநேசனிடம் வந்து அவன் கையை இறுகப் பிடித்துவிட்டுப் போனார். சேது படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். அவ்வளவு பெரிய தோளுக்குள் ஆள் எங்கோ சுருங்கிப் போயிருந்தான்.

சிவநேசன் இப்போதுதான் அவன் எதிரில் போய் நின்றான். "ஏன்டா?"

"அடுத்த வாரம் பொதுக்கூட்டம்." சேது தரையைப் பார்த்தே பேசினான். "தாலிய தொலைச்ச தலைவருக்கு எவனும் கை தூக்க மாட்டான். நான் தலைவரா வந்துருவேன். விக்கணும்னு நெனக்கலடா. சத்தியமா. தாலி கெடைச்சிரும், கோவிலுக்கு வந்துரும்..."

"என் வண்டில இருந்து கெடைச்சிரும்."

சேதுவின் தலை இன்னும் தாழ்ந்தது.

"பூட்டு போட நீதான என்னைய கூப்புட்ட. வேற கடையே இல்லயா? எனக்கு வேலை குடுக்கணும்னு கூப்புட்டேன்னு என் பொண்டாட்டிகிட்ட சொல்லி சந்தோசப்பட்டேன்டா. பூட்டுக்கு ஆள் தேடுனியா, பழிக்கு ஆள் தேடுனியா?"

சேது நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. "வேற யாரா இருந்தாலும் உள்ள தள்ளிருவாங்க சிவா. நீன்னா நான் வந்து கெஞ்சி வெளிய எடுத்துருவேன்னு இருந்தேன். நீயும் எங்கிட்ட ஏன்னு கேக்க மாட்ட. சின்ன வயசுலருந்து நீ எதுக்குமே எங்கிட்ட கோவப்பட்டதில்லயே."

அடித்திருந்தால்கூட சிவநேசன் தாங்கியிருப்பான். தன் நல்ல குணத்தை அளந்து பார்த்து, இவன் இவ்வளவு தாங்குவான் என்று கணக்குப் போட்டிருக்கிறான் நண்பன். சிவநேசன் திரும்பி நடந்தான். பின்னால் "சிவா, சிவா" என்று இரண்டு தடவை கேட்டது. மூன்றாவது தடவை கூப்பிடவில்லை.

கடைக்கு வந்து சேர்ந்தபோது எதிர்க் கடையில் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். சிவநேசன் தன் கடைக் கதவின் முன் நின்றான். அவன் வாழ்க்கையில் முதன்முதலாகப் பொருத்திய எண் பூட்டு அது. பழைய லயத்தில் அவன் வீட்டு எண்ணையும் சேது வீட்டு எண்ணையும் சேர்த்து வைத்திருந்தான். பசித்தால் சேது தானே திறந்து உள்ளே போய் பிஸ்கட் டப்பாவைக் காலி செய்துவிட்டு, போனில் சிரிப்பான்.

பழைய எண்ணை அழித்தான். பூட்டு விளக்கெரிந்து புது எண் கேட்டது.

மனைவி பிறந்த நாள்? கேக் வாங்கி வருவதே சேதுதான். கல்யாணத் தேதி? மாப்பிள்ளைத் தோழன் யார்? அப்பா செத்த நாள், முதல் மோட்டார் சைக்கிளின் எண், பள்ளிக்கூடத்துக்குப் போன பஸ் எண் என்று ஒவ்வொன்றாக யோசித்தான். விரல் எண்ணுக்கு மேல் போய்ப் போய் நின்றது. சேதுவுக்குத் தெரியாத எண் ஒன்று அவன் வாழ்க்கையில் இல்லை. பூட்டு காத்திருந்து பார்த்துவிட்டு, 'பீப்' என்று அணைந்தது.

"பாஸ்," என்றாள் விஷாலினி பின்னாலிருந்து. "நான் ஒன்னு போடவா? ஒங்களுக்குக்கூட சொல்ல மாட்டேன். தெனமும் கதவ தொறந்து விடற வேலயும் எனக்குத்தான். அதுக்குத் தனியா ஒரு தே தாரிக் டீ வாங்கிக் குடுத்துருங்க."

"போடு," என்றான்.

சொல்லிவிட்டு, பெல்மோர் கமிட்டி மாதிரியே, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். பின்னால் எண்கள் ஒவ்வொன்றாக ஒலித்து முடிந்தன. விஷாலினி முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை. அவன் தோள் குலுங்கி ஓயும் வரை, இன்னும் அமுக்கிக்கொண்டிருப்பவள் போலப் பூட்டின் மேல் கையை வைத்தபடி நின்றாள்.